அறுப்பின் பண்டிகை ஏலம்

ஐப்பசி மழைக்குக் கலெக்டர் விட்ட விடுமுறை
திங்கள் வரை நீளுமாம்.
எனக்கு ஆவணியிலிருந்தே விடுமுறை.
அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷட்டர் இறங்கிய தேதியை
எப்சி காலண்டரில் குறிக்கவில்லை,
கேஸ் புக் செய்த தேதியைத்தான் வட்டமிட்டிருக்கிறாள்.

வில்லிவாக்கம் கோயில் வளாகத்தில் கணுக்கால் தண்ணீர்.
தார்ப்பாய்க்குக் கீழே அறுப்பின் பண்டிகை.
விதைக்காத ஊரில் அறுவடை:
கோயம்பேட்டு வாழைத்தார்கள்,
யார் வீட்டு மாடியிலோ காய்த்த ஒற்றைப் பாகற்காய்,
கால் கட்டிய சேவல்.

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?"
செக்ரட்டரி கேட்டார். போகுது என்றேன்.
பாடகர் குழுவில் ஒருவர் கேட்டார். போகுது.
ஐயரம்மா கேட்டபோதும், போகுது.
சேவல் கூவியது.
சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள்.
எனக்குத் தொண்டை அடைத்தது.

ஜெபசிங் வாத்தியார் ஏலம் விடுகிறார், மைக் இரைகிறது.
பூசணிக்காய். நூறு. நூற்றைம்பது.
இருநூறு என்றது என் வாய்.
பையில் நூற்று எண்பதுதான்.
ஏன் கேட்டேன்? தெரியவில்லை.
எதையாவது இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு
வீட்டுக்குப் போகவேண்டும் போலிருந்தது.

வாத்தியார் மூன்றாம் தரம் சொல்லாமல்
என்னைக் கொஞ்சம் நீளமாகப் பார்த்தார்.
"பணம் கிறிஸ்மஸுக்குள் கொடுத்தால் போதும்"
என்று எல்லாப் பக்கமும் திரும்பிச் சொன்னார்,
சபை முழுவதற்கும் பொதுவாக.

ரயில்வே கேட் வரை தண்ணீரில் நடந்தேன்.
ஜெபம் என்று எதுவும் வரவில்லை.
ஆனால் இரண்டு மாதத்துக்குப் பிறகு
யாரோ கூட நடப்பதுபோல்,
பாரத்தின் மறுபக்கம் பிடித்தபடி.

எப்சி விலை கேட்கவில்லை.
பாதியை எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள்.
விதைகளைக் கழுவி, செய்தித்தாளில் பரப்பி,
மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தாள்.
கரண்ட் போய் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.