செயின் மை

ஒத்தக்கடை தாண்டியும்
யானைமலை கொஞ்ச தூரம் கூடவே வந்தது.
பிறகு லாரிகள்.
முன்னால் ஜெனோவா,
தவணை முடியாத இருபத்தோரு கியர் வண்டியில்.
பின்னால் நான்,
அவள் தம்பிக்குப் பிளஸ் ஒன்னில்
அரசு கொடுத்த சைக்கிளில்.
மிதிக்கு ஒரு புகார் சொல்லும் அது.

நரசிங்கம்பட்டி விலக்கில் திரும்பியதும்
காது காலியானது.
நாற்றுப் பிடித்த வயல்.
வேலியில் காயும் பள்ளிச் சீருடை.
கடமைக்குத் துரத்திய நாய்
மைல்கல் வந்ததும் நின்றுகொண்டது.
தன் ஊர் எதுவரை என்று அதற்குத் தெரியும்.
எனக்கும் அதுதான் தொழில்.
சார்பதிவாளர் அலுவலகத்தில்
பதினோரு வருடமாக
வடக்கே இன்னார் புஞ்சை, கிழக்கே வண்டிப்பாதை
என்றே ஊர்களை அறிந்தவள்.

அரிட்டாபட்டிக் கண்மாய்க்கரையில் ஏறினோம்.
தை மாதத்து வெயில் தண்ணீரில் சில்லறை மாற்றிக்கொண்டிருந்தது.
ஒரு முக்குளிப்பான் மூழ்கியது.
இங்கே எழும் என்றேன் நான்,
அங்கே என்றாள் அவள்.
இரண்டும் இல்லாத ஓரிடத்தில் எழுந்து
எங்களைப் பார்க்காமல் போனது.
குமிழிமடையின் இரட்டைக் கல்தூண்
கழுத்தளவு நீரில் நின்றது.
அதன் தலையில் நீர்க்காகம்
சிறகு விரித்து உலர்ந்தது,
அந்தச் சீருடை போலவே.

கலிங்கு பக்கம் வந்தபோது
என் செயின் கழன்றது.
கழன்றதோடு நிற்காமல் இடுக்கில் சிக்கியது.
மீன் குத்தகைக்குக் காவலிருக்கும் சின்னழகு
நாரை விரட்டும் கம்போடு வந்தார்.
"எங்கருந்து?"
"மதுரை."
"பஸ்ஸு ஓடுதுல்ல?"
பதிலுக்குக் காத்திராமல்
பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார்.
நான் நெம்பினேன், இழுத்தேன், மாட்டினேன்.
மணிக்கட்டுவரை கறுத்தேன்.
மண்ணில் தேய்த்தும் போகவில்லை.
"மலைக்குத்தான போறீக, வண்டி இங்கன கெடக்கட்டும்."

குடைவரையில் தண்டு பிடித்த இலகுலீசர்
இருட்டைச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.
அதைக் கடந்து மேலே குகைத்தளம்.
துறவிகளுக்கென வெட்டிய கற்படுக்கை.
மழைநீர் உள்ளே வராதிருக்க
பாறை நெற்றியில் ஒரு காடி.
அதன் கீழே எழுத்து.

எழுத்து எனக்குப் புரியவில்லை,
விஷயம் புரிந்தது.
தானப் பத்திரம்.
கொடுத்தவன் பெயர் உண்டு.
நான்கெல்லை இல்லை, மதிப்பு இல்லை,
முத்திரைத்தாள் இல்லை, சாட்சி இல்லை.
என் மேசைக்கு வந்திருந்தால்
திருப்பி அனுப்பியிருப்பேன்.
பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில்
அம்பு தைத்த இதயத்துக்குள்
ஒரு 'ம', ஒரு 'ச'.
"வில்லங்கம்" என்றேன்.
ஜெனோவா சிரித்த சிரிப்பு
பாறையில் பட்டு என்னிடமே வந்தது.

தினமும் யார் யாரோ விரலைப் பிடித்து
மையில் உருட்டுகிறவள் நான்.
இன்றைக்கு என் பத்து விரலிலும் மை.
அந்த எழுத்தை ஒரேயொரு முறை
தடவிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.
கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டேன்,
கடைக்குள் நுழைந்த திருடி மாதிரி.
இறங்கும்போதும் அப்படியே இறங்கி
ஒரு தரம் வழுக்கினேன்.

சைக்கிள்கள் கிடந்தன. சின்னழகு இல்லை.
என் கேரியரில்
தேக்கிலைப் பொட்டலம், வாழைநார்க் கட்டு.
உள்ளே இரண்டு ஜிலேபிக் கெண்டை,
ஒன்று இன்னும் வாயை அசைத்தது.
கூப்பிட்டுப் பார்த்தோம்.
நாமக்கோழிதான் நாணலுக்குள் பதில் சொன்னது.
"மீன் குத்தகைக்காரருடையது,
கொடுத்தது காவல்காரர்,
உரிமை மூலம் எப்படி..."
"பேசாம மிதி" என்றாள் ஜெனோவா.

மிதித்தேன்.
நாய் தன் எல்லையிலிருந்து
இந்த முறை மூக்கை மட்டும் நீட்டியது.
லாரிகள் வந்தன. யானைமலை வந்தது.
சிக்னலில் நின்றபோதுதான் பார்த்தேன்,
இரண்டு கைப்பிடியிலும்
என் ரேகை, விரல் விரலாக.
வண்டி
அவள் தம்பியுடையது.