வெயில் வந்தபிறகு எழும்பணும்

குலசேகரம் சந்தைக்கு எதிரே
டயர் கடை மாடியில்
டென்னிசன் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார்,
டார்ச் அடித்துப் பார்த்தார்.
"வெளுத்துக் கிடக்கு. ஓரத்தில பல்லுத் தடம்.
உள்ள குளிர் இறங்கியாச்சு."
நோட்டில் எழுதினார்:
ரூபிபாய், நாற்பத்து மூன்று, தொழில் வெட்டு.

சீனாவிலிருந்து அதுவரை
எங்கள் வீட்டுக்குள் வந்தவை இரண்டு.
மீன் பொரிக்கும் சீனிச்சட்டி,
கிறிஸ்மஸ் ஸ்டாருக்குள் மினுங்கும் பல்பு.
இப்போது இந்த ஊசி,
தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன்.

மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டார்,
பேச்சிப்பாறையில் தண்ணி எத்தனை அடி என்று
இருட்டில் தடவிப் பார்ப்பவர்போல.
சுவரில் ஒரு மொட்டைத்தலை மனிதனின் படம்.
உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை
அவன் உடம்பெல்லாம் ஓடைகள்.

"மார்கழி சிறுநீரகத்துக்க காலம்.
அதுக்குப் பட்டது எலும்பு. ருசி உப்பு. குணம் பயம்.
இது சேத்து வைக்கப்பட்ட மாசம், கேட்டியளா.
வெள்ளனே படுக்கணும்,
வெயில் வந்தபிறகு எழும்பணும்.
வேர்க்கப்பிடாது. காலில ஈரம் ஆகாது.
காலத்த பழஞ்சி வேண்டாம்."

சிரிப்பு வந்துவிட்டது.
டாக்டரே, நான் எழும்புவது இரண்டரைக்கு.
முந்நூற்றுப் பத்து மரம்.
குளிரக் குளிரத்தான் பால் ஒழுகும்,
வெயில் ஏறினால் கோடு அடைத்துவிடும்.
நீங்கள் சேர்த்து வைக்கச் சொல்லும் மாதத்தில்தான்
மரம் சிரட்டை வழியக் கொடுக்கும்,
முதலாளி ஒரு நாள் லீவு கொடுக்க மாட்டார்.
புல்லில் பனி. செருப்புக்குள் பனி.
முப்பதாம் மரத்தில் முதுகு வேர்க்கும்,
நூறாவதில் அந்த வேர்வையே குளிரும்.

பயம் என்றீர்களே, அது உள்ளதுதான்.
போன வாரம் தலைவிளக்கு வெளிச்சத்தில்
இரண்டு கண்கள்.
மிளா.
அது என்னைப் பார்த்து ஓடியது.
கத்தி கையிலிருந்து விழுந்தும்
கை கத்தியைப் பிடித்த மாதிரியே இருந்தது,
வெகுநேரம்.

அவர் தர்க்கம் பண்ணவில்லை.
முட்டுக்குக் கீழே ஒரு ஊசி இறக்கினார்.
"இங்க குத்தினா
களைச்ச கால் இன்னும் மூணு மைல் நடக்கும்."
எனக்கு மூன்று மைல் வேண்டாமே, டாக்டரே.
அப்போது அவரும் சிரித்தார்.

பிறகு சுருட்டுபோல் உருட்டிய மாசிபத்திரியைக் கொளுத்தி
உள்ளங்கால் குழிக்கு நேரே பிடித்தார், தொடாமல்.
அந்த இடத்துக்குப் பெயர் பொங்கும் ஊற்றாம்.
புகைப்புரையில் ஷீட்டு காயும் வாடை,
கொஞ்சம் கைப்பு சேர்ந்து.
சூடு பைய ஏறியது,
முழங்கால், இடுப்பு.
யாரோ எனக்குள்ளே அடுப்பு மூட்டுகிறார்கள் என்று
கிடந்தபடி ஒறங்கிவிட்டேன்.
கட்டணம் ஒரு கிலோ ஒட்டுப்பாலின் விலை.

வீட்டில் இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீரில் கால்.
கருப்பட்டியோடு இடித்த கறுத்த எள்.
குளச்சல் கருவாட்டை உப்பு ருசி என்று
கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.
பழஞ்சியை விட்டதுதான் பெரிய குத்து,
ஊசியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.
எழும்பும் நேரத்தை மட்டும்
யாராலும் மாற்ற முடியவில்லை.

தை முடிய இலை சிவந்தது.
ஒரு கிழமைக்குள் தோட்டம் மொட்டை.
கத்தியைத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள்.
மரத்துக்கு யாரும் நாக்கு பார்க்கவில்லை.
காலம் வந்தது, பாலைத் தனக்கே வைத்துக்கொண்டது.

முதல் நாள் இரண்டரைக்கு முழிப்பு.
ஆணியில் தலைவிளக்கு.
கைவிரல் தானாக மடங்கி விரிந்தது.
மூன்று. நாலு.
கோழி கூவிற்று, மாதா கோயில் மணி அடித்தது,
நான் கிடந்தேன்.
வருஷம் முழுக்க இலைக்கூரை மறித்த வெயில்
மொட்டைக் கொம்பு வழியே இறங்கி
ஜன்னல் வழியே
பாய்க்கு வெளியே நீண்ட உள்ளங்காலில் விழுந்தது,
சரியாக அந்தக் குழியில்.

வேலை இல்லை. கூலி இல்லை.
ஏழரைக்கு எழும்பினேன்.
செறியான் கடையில் எள் கால் கிலோ
பற்றில் எழுதச் சொன்னேன்.
அவன் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்து
"நல்ல தெளிச்சம்" என்றான்,
எழுதினான்.