சூசையப்பருக்குப் பட்டி பார்த்தது

ஒரு மைவிக்கும் ஒரு சாகாவுக்கும் நடுவே
பழைய மெத்தை உறையில் சுற்றி
நிற்க வைத்துவிட்டுப் போனார்கள் அவரை.
பாகான் ஜெர்மாலில் என் பட்டறைக்கு
இதுவரை புனிதர் யாரும் பழுதுக்கு வந்ததில்லை.
இடது கை முழங்கையில் முறிந்திருந்தது.
பாலன் மட்டும் தனியாக
மைலோ அட்டைப்பெட்டியில்.
பத்தொன்பதாம் தேதி திருநாள்.

எனக்கு ஒருசந்தி, ஃபைசாலுக்கு நோன்பு.
அந்த மாதம் பட்டறையில் கேத்தல் சுடவேயில்லை.
யார் இவர் என்று கேட்டான்.
தச்சர் என்றேன்.
தலையாட்டி, அறுபதாம் நம்பர்
உப்புத்தாளை எடுத்துத் தந்தான்.

சாம்பல் புதனிலிருந்து
நானும் பெர்க்மான்சும் சந்தியாகுவும்
விடியற்காலை ஐந்துக்குப் பிறை ஜிம்மில்.
சட்டம் பெர்க்மான்ஸ் போட்டது:
வெந்நீர் இல்லை, சீனி இல்லை,
வெள்ளிக்கிழமை சுத்தபோசனம்,
எண்ணுவதற்குப் பதில் அருள் நிறை மரியே.
பத்து முடிந்தால்தான் இரும்பைக் கீழே வைக்கலாம்.
ஒன்பதாவதில் சந்தியாகு
மாதாவை விட்டுத் தன் அம்மாவைக் கூப்பிடுவான்.
நூற்று நாற்பது கிலோ என் முதுகு அறியும்.
ஆம்பளை என்றால் தாங்குகிறவன், என்பான் பெர்க்மான்ஸ்.
அவன் கழுத்து நரம்பைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

வீட்டில் நாலரைக் கிலோ.
இரண்டு மணிக்கு அழுவாள், வயிற்று வலி.
இடது கையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு
சன்னலோரம் நடக்கவேண்டும்.
அந்தப் பக்கம் தீவின் விளக்குகள்,
நடுவே கறுப்புத் தண்ணீர்.
பதினைந்தாம் நிமிடம் முழங்கை எரியும்.
இருபதில் நடுங்கும்.
இங்கே பத்தாவது என்று ஒன்று கிடையாது.

ஒரு ராத்திரி அவளை
மெத்தையில் வைத்தேன் என்று சொல்ல ஆசை.
போட்டேன்.
கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன்,
கைகளைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு.
செசிலி எழுந்து போவது கேட்டது,
வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நடை.
பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்:
கோபம், சாமி. அவ்வளவுதான்.
ஒரே சொல்லாக மடித்து.

ஏழு பூச்சு இருந்தது அவர்மேல்.
ரோஸுக்குக் கீழே சந்தனம், அதற்கும் கீழே
யார் வீட்டுக் கதவுக்கோ வாங்கி மிஞ்சிய பிரவுன்.
எல்லாம் சுரண்டிய பிறகு வெள்ளைச் சாந்தில்
வெடிப்பு தொடங்கிய இடம் தெரிந்தது.
யாரும் இடித்ததல்ல.
பாலன் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே
உள்கம்பி துருவேறிப் பருத்து
முடியளவு கோடாய்க் கிளம்பி,
எத்தனை வருசமோ,
வெளியே வராமல்.

வேதத்தில் அவர் பேசிய வார்த்தை ஒன்றுமில்லை.
எழுந்தார் என்று இருக்கிறது.
இரவில் எழுந்தார்,
பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனார்.
மறுநாள் தூங்கினாரா என்று எழுதவில்லை.

புதுக் கம்பி பற்றவைத்தேன், ஃபைபர் சுற்றினேன்.
பட்டி பார்த்து, காயவிட்டு,
ஆயிரத்து இருநூறில் தண்ணீர் போட்டுத் தேய்த்தேன்.
பெர்க்மான்ஸ் எட்டிப் பார்த்து,
"கொஞ்சம் புஜம் வைடா, தச்சன்தானே" என்றான்.
வைத்திருக்கலாம். பட்டி மிச்சமிருந்தது.
நான் வைத்தது கண்ணுக்குக் கீழே:
கொஞ்சம் சாம்பல் நிறம்,
எவனுடைய கதவுக்கோ கலக்கிய ஊதாவில் ஒரு துளி.

பேரவை லூர்தக்கா அண்ணாந்து பார்த்தார்.
"சாமிக்கு ஒடம்பு சரியில்லாத மாதிரி இருக்கே தம்பி.
தூங்காத மூஞ்சி."
சரி பண்ணிடறேங்க்கா என்றேன்.
பண்ணவில்லை.

திருநாள் மாலைப் பூசை.
காணிக்கைக்கு முன்பே அழ ஆரம்பித்தாள்.
செசிலி என்னைப் பார்க்கவில்லை.
எழுந்தேன். வாங்கிக்கொண்டேன்.
வெளியே, நிறுத்திய கார்களுக்கு நடுவே
போய்த் திரும்பி, போய்த் திரும்பி.
எங்கிருந்தோ பாங்கு கேட்டது;
ஃபைசால் இப்போது தண்ணீர் குடிப்பான்.
பதினைந்தாம் நிமிடம் முழங்கை எரியத் தொடங்கியது.
உள்ளே மணி அடித்தது.
நடந்துகொண்டிருந்தேன்.