மூன்று நிமிடம்

சாக்ரமெண்டோ, இரண்டாம் மாடி, விசாரணைக் கூடம்.
விளக்கு என் கையில்.
பச்சை எரிந்தால் பேசலாம்.
மஞ்சள் எரிந்தால் முடிக்கப் பார்க்கணும்.
சிவப்புக்குப் பிறகு மைக் ஊமை.
பதினொரு வருடமாக இதுதான் வேலை:
ஜனங்களின் குறையை
மூன்று மூன்று நிமிடமாக நறுக்குவது.

அன்றைக்கு எடுத்த விஷயம்
வீட்டுக்குள் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரங்கள்,
அவை கக்கும் ஓசோன்.
பத்துக் கோடிப் பங்கு காற்றில்
ஐந்து பங்குக்கு மேல் கூடாது என்று
விதி இருக்கிறது. விதி எப்போதும் இருக்கிறது.
தபாலில் வந்து வாசலில் இறங்கும் பெட்டியை
யார் மோந்து பார்ப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் ஹாலிஸ் க்ரெய்க், நிறுவனத்தின் சார்பாக.
"எங்கள் இயந்திரம் விடுவது
சுறுசுறுப்பான பிராணவாயு.
இடி இடித்து ஓய்ந்ததும் ஒரு வாசனை வருமே,
அதையா தடை செய்யப் போகிறீர்கள்?"
கூடம் சிரித்தது. நானும்.
அவருக்கு மஞ்சளே தேவைப்படவில்லை.

அடுத்து அராக்சி பெத்ரோசியன், ஃப்ரெஸ்னோ.
முப்பத்தொரு வருடம் தபால் பிரித்தவர்.
கைப்பையைத் துழாவியதிலேயே
நாற்பது விநாடி போயிற்று.
வெளியே வந்தது ஒரு ரப்பர் பேண்டு.
இல்லை, ரப்பர் பேண்டாக இருந்த ஏதோ ஒன்று.
மேஜையில் வைத்ததும் நாலு துண்டு.

"காட்டுத்தீப் புகை வந்த செப்டம்பரில் வாங்கினேன்.
'மலை விடியல்' என்று பேர் போட்டிருந்தது.
கட்டில் தலைமாட்டில் வைத்தேன்.
முதல் ராத்திரி நல்ல மணம்.
மூன்றாம் ராத்திரி இருமல்.
இருமினேன், குமிழைக் கூட்டினேன்.
கூட்டினேன், இருமினேன்.
காற்று இன்னும் அழுக்கு என்றுதானே நினைப்பேன்?
டாக்டர் புகையைச் சொன்னார்.
மகள் என் வயசைச் சொன்னாள்.

தலைமாட்டு டிராயரில் பழைய கடிதங்கள், கட்டுக் கட்டாக.
ஒருநாள் திறந்தால் எல்லாக் கட்டும் அவிழ்ந்து கிடக்கிறது.
சமையலறையில் இருப்பதும்
அதே பாக்கெட் ரப்பர்தான்.
இழுத்தால் வருகிறது, விட்டால் சுண்டுகிறது.
ரப்பர் எனக்குத் தெரியும் ஐயா.
வயசாகிச் செத்த ரப்பர் பிசுபிசுக்கும்.
இது பிசுக்கவில்லை.
குறுக்கே குறுக்கே கோடு விழுந்து
வறண்ட ஏரிபோல வெடித்திருக்கிறது.
காற்றில் ஏதோ இதைக் கடித்திருக்கிறது.
அதே காற்றைத்தான் நானும்..."

சிவப்பு.
நான்தான் அழுத்தினேன்.

அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.
கூடத்துக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது.
அதைப் பதிவேட்டில் ஏற்ற இடமில்லை.
துண்டுகளை ஓர் உறையில் போட்டு
சான்றுப் பொருள் பதினாலு என்று எழுதினேன்.

முடிவு பிப்ரவரிக்குத் தள்ளிப் போனது.
லிஃப்டில் க்ரெய்க் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார்.
நல்ல மனிதர்.
அவர் கோட்டில் எந்த வாசனையும் இல்லை.

ராத்திரி, என் மகன் ரெனாட்டோவின் அறை.
அலமாரி மேல் ஒரு பச்சைப் புள்ளி
விழித்திருந்தது.
போன புகைக்காலத்தில் வாங்கியது,
பாதி விலைக்கு.
மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை,
அதற்கு யாரும் நேரம் குறிக்கவில்லை.
இடிக்குப் பிந்திய அந்த வாசனை.
மழைதான் பெய்யவில்லை.

தூக்கத்தில் அவன் இருமினான்.
எத்தனை மாதமாக இருமுகிறான்?
பெட்டி வந்த தேதி ரசீதில் இருக்கும்.
ரசீதைத் தேடவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன்.
ஜன்னலைத் திறக்கப் போனேன்,
வெளியே மலைப்பக்கம் மறுபடியும் எரிகிறது,
நிலா துருப்பிடித்திருந்தது.
மூடிய ஜன்னலுக்கும் அணைந்த பெட்டிக்கும் நடுவே
கொஞ்ச நேரம்
எந்த மூச்சை இழுப்பது என்று நின்றேன்.

இப்போது அவன் அறைச் சுவரில் இரண்டு ஆணி.
நடுவே இழுத்து மாட்டிய ஒரு ரப்பர் பேண்டு.
எதற்கு என்று கேட்டான். நாள் கணக்குக்கு என்றேன்.
காலையில் பல் துலக்கிக்கொண்டே போய்
விரலால் ஒருமுறை சுண்டிப் பார்க்கிறேன்.