மணிக்கட்டு எக்ஸ்ரே

ஷவுலேய் நகரம், பிப்ரவரி.
அரங்கின் ஹீட்டர் பாதியில் இருமி நின்றுவிட்டது.
எய்முட்டிஸ், வயது பதினேழு,
ஏழடிக்கு ஒரு விரற்கடை குறைவு.

எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்:
எலும்பு முனையில் இன்னும் மூடாத
மயிரிழை இருட்டு.
மேலும் நான்கு சென்டிமீட்டர் என்றார் மருத்துவர்,
வட்டி சொல்பவர்போல்.

இடக்கை சுமார். ஃப்ரீ த்ரோ பத்துக்கு நான்கு.
ரீபவுண்டுக்குத் தாவுமுன்
பக்கத்தில் யாரென்று பார்க்கிறான்,
இடித்துவிடக் கூடாதாம்.
அதைக் குறை என்று எழுதினேன்,
அடித்தேன்,
மறுபடி எழுதினேன்.

'ஐந்து வருடத்தில்?' என்ற கட்டம் மட்டும் காலி.

வெளியே பேருந்து.
படியேறுகையில் அவன் தலை தானாகக் குனிந்தது.
கதவு போதிய உயரம்தான்.
கடைசி இருக்கையில்
கால்களை மடக்கி மடக்கி
யார்மீதும் படாத ஓர் அளவுக்கு
வந்து சேர்ந்தான்.