உப்பு

பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
தடுப்பூசிக் குப்பிகளை
அவள் பெட்டியில் வைப்பதில்லை.
வெயில் ஊர்களில் கெடாதிருக்க
பனிக்கட்டியில் பொதிவார்களாம்.
இங்கே உறைந்தால் மருந்து செத்துவிடும்.
ஆட்டுத்தோல் அங்கிக்கு உள்ளே
வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு
மோட்டார் சைக்கிளை உதைக்கிறாள் சரங்கெரெல்.
ஐந்தாவது உதையில் அது இருமுகிறது.
அதற்கும் நெஞ்சுச்சளி.

அல்த்தாய் மலைக்குத் தெற்கே
நான்காம் பாக் என்றால்
நூற்றுப் பன்னிரண்டு கூடாரம்,
எண்ணி முடியாத ஆடு,
ஒரே ஒரு ஃபெல்ட்ஷர்.
டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே
ரஷ்யர்கள் விட்டுப்போன ஒரு சொல்.
டாக்டர் இருப்பது தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி.
அவரிடம் போகிறவர்கள்
பெரும்பாலும் படுத்துக்கொண்டு போகிறார்கள்.
உட்கார்ந்திருக்கும்போதே பார்த்துவிடுவது
இவள் வேலை.

முதல் கூடாரத்தில் மூன்று வாரக் குழந்தை.
ஊசி குத்திய பிறகுதான்
அழலாமா என்று யோசித்து அழுதது.
அடுத்ததில் சினையாடுகள்.
‘வெறுங்கையால் குட்டியை இழுக்காதே,
காய்ச்சல் எலும்புக்குள் குடியேறும்’ என்று
போன மாதம் கொடுத்த ரப்பர் கையுறை
ஊதிக் கட்டப்பட்டு
கூரைக் கழியில் தொங்குகிறது,
ஐந்து காம்புள்ள மடிபோல.
பிள்ளை அதைக் குத்தி விளையாடுகிறான்.
இன்னொரு ஜோடி எடுத்து வைக்கிறாள்.
திட்டவில்லை.
திட்டினால் அடுத்த முறை நாயை அவிழ்த்துவிடுவார்கள்.

ஒவ்வொரு கூடாரத்திலும் தேநீர்.
பாலும் உப்பும் போட்டுக் கொதித்தது.
வேண்டாம் என்று சொல்லக்கூடாது,
வலக்கையால் வாங்கிக் குடிக்க வேண்டும்.
‘உப்பைக் குறையுங்கள்’ என்று சொல்லிக்கொண்டே
உப்பைக் குடிக்கிறாள்.
ஒரு நாளில் பதினோரு கிண்ணம்.
இரவு தன் கையில் தானே பட்டையைச் சுற்றிப் பார்த்தாள்:
நூற்றைம்பத்தெட்டு.
பதிவேட்டில் எழுதவில்லை.
நான்காம் பாக்கில் அவளும் ஒருத்தி;
அவள் பெயருக்கு எதிரே மட்டும் கட்டம் காலி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை
என்பது என் மொழி. அவள் அறியாள்.
உப்பைக் குறைக்கச் சொன்னவளை
எத்தனை நாள் நினைப்பார்கள்?
விழாத கைக்குத் தெரியாது
விழ இருந்தது என்று.
அது பாட்டுக்குக் கடிவாளம் பிடிக்கும்,
மூக்கைச் சொறியும்.

தம்தின்சுரேன் இலையுதிர் காலத்தில் சொன்னார்:
‘உப்புக்காக என் ஒட்டகம்
ஒரு நாள் முழுக்க நடக்கிறது.
நான் ஒட்டகத்துக்கும் கீழா?’
அன்று அவருக்கு நூற்றுத் தொண்ணூறு.
பதில் தெரியாமல்
மாத்திரையை மட்டும் வைத்துவிட்டு வந்தாள்.

இன்று பன்னிரண்டாவதாக அவர் கூடாரம்.
கிண்ணம் வந்தது.
முதல் மடக்கில் ஏதோ இல்லை.
குளிரில் நாக்கு மரத்துவிட்டதோ என்று
இரண்டாவது மடக்கு.
இல்லை. நாக்கு சரியாகத்தான் இருக்கிறது.
நோர்ஜின் முதுகைக் காட்டிக்கொண்டு
அடுப்புக்குச் சாணம் போடுகிறாள்,
போட்ட அடுப்புக்கே மறுபடியும்.
கிழவர் புகைத்துளை வழியே
வானத்தைச் சோதிக்கிறார்.

‘குட்டிகள் எப்படி?’
‘இருக்கு.’

பட்டையை அடுப்புக்கு மேல் காட்டிச் சூடாக்கிச் சுற்றினாள்.
நூற்று நாற்பத்தாறு.
எண்ணைச் சொன்னாள்; மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.
‘வாயில் வைக்க விளங்கவில்லை’ என்றார் அவர்,
தேநீரை.
சரங்கெரெல் கிண்ணத்தை நீட்டினாள்,
இன்னும் கொஞ்சம் என்று.

ஊற்றி முடித்த நோர்ஜின்
பட்டையை அவளிடமிருந்து பிடுங்கினாள்.
‘உன் கையைக் காட்டு.’
தலைகீழாகச் சுற்றி, அவிழ்த்து,
திரும்பச் சுற்றி,
பால் கறக்கிற விரல்களால்
குமிழை அழுத்தினாள், தேவைக்கு மேலேயே.
வலித்தது.
ஊசிமுள் ஏறி, தயங்கி, இறங்கியது.
நோர்ஜினுக்கு எண் படிக்கத் தெரியும்,
எந்த இடத்தில் படிப்பது என்றுதான் தெரியாது.
‘எவ்வளவு?’ என்றாள்.

சரங்கெரெல் உண்மையைச் சொன்னாள்.