வடிகால்

அவர் குரல் மெலிந்துகொண்டே வந்ததை
நிறுத்துக் காட்ட என்னிடம் தராசு இல்லை.

முதல் மாதம் எல்லாவற்றையும் சொன்னார்:
நைல் ஆற்றில் மிதந்துபோகும் புல் திட்டுகள்,
சாம்பல் பூசிக்கொண்டு மாடு மேய்க்கும் பிள்ளைகள்,
நீலத் தொப்பிக்குள் வேகும் காது.
நான்காம் மாதம் சாப்பாட்டை மட்டும் சொன்னார்.
ஐப்பசியில் "ம்" மட்டும் வந்தது,
மூன்றரை மணி நேரம் பின்தங்கிய ஊரிலிருந்து.

"ரேஷன்ல பருப்பு போட்டாங்களா?"
போட்டாங்க.
"பையன்?"
தூங்குறான்.
"சரி."
திரையில் வட்டம் சுழன்றது.
அவர் முகம் பாதியில் நின்றிருந்தது.

பட்டாளத்தில் இதற்கு மொரேல் என்று பேராம்.
அதை உயர்த்த தீபாவளிக்கு
ஜெனரல் ஒருவர் ஹெலிகாப்டரில் வந்து லட்டு கொடுத்தாராம்.
"எப்படி இருந்துச்சு?"
"லட்டு மாதிரி இருந்துச்சு."

பிறகு மூன்று நாள் மழை.
கோரையாறு கரைமுட்ட ஓடியது.
எங்கள் ஒன்றேகால் ஏக்கர் சம்பா
கழுத்தளவு தண்ணீரில்.
வடிகால் வாயில் பனைமட்டையும் சேறும் வைத்து
அடைத்துவிட்டார் கலியபெருமாள்,
தன் வயல் மூழ்கிவிடும் என்று.
அழுதுகொண்டே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"எவன்?"
எத்தனையோ வாரம் கழித்து முழுக் குரல்.
"அவன் அப்பன் காலத்துலயே இதே வேலைதான்.
புல எண் நூத்தி நாப்பத்தேழு. வரைபடம் டிரங்குப் பெட்டியில இருக்கு.
வி.ஏ.ஓ.வுக்கு மனு எழுது. நான் சொல்றேன், எழுது."
எழுதினேன். நாற்பது நிமிடம்,
டேட்டா தீரும் வரை.
மறுநாள் அவரே கூப்பிட்டார்.

மனுவுக்கு வேலை வரவில்லை.
வியாழக்கிழமை கலியபெருமாளே வந்தார்,
முழங்கால் சேற்றோடு.
சிமெண்ட் குழாய், ஆளுக்கு எண்ணூறு.
அவர் வரப்புக்கு அடியில் புதைத்தோம்.
விடிவதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது.
நுனி மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

அன்றிரவு மணி ஒன்பதரை.
"அந்தாளு இன்னைக்கு என்ன பண்ணான்?"
கேள்விக்குள் ஓர் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.
குழாய் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது.
"இன்னும் அடைச்சுத்தான் வச்சிருக்காரு" என்றேன்.

அதிலிருந்து கலியபெருமாள்
இரண்டு தென்னங்கன்று பிடுங்கினார்,
வரப்பில் ஒரு சாண் வெட்டிக்கொண்டார்,
தாலுகா ஆபீசில் யாருக்கோ சேவல் கொடுத்தார்.
நிஜத்தில் நீடாமங்கலத்தில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று
எங்களுக்கும் சேர்த்து யூரியா வாங்கிவந்தார்.
நிரஞ்சன் ஒருமுறை உளறப் பார்த்தான்,
"அப்பா, கலியபெருமாள் பெரியப்பா எனக்கு..."
போனைப் பிடுங்கி, சிக்னல் இல்லை என்றேன்.

அவரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?
அஞ்சம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.
அவர் சிரிக்கவில்லை.
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:
"என்னைத் திட்டினா தம்பி சரியாச் சாப்பிடுதா?"
"சாப்பிடுறாராம்."
"அப்பத் திட்டட்டும். அந்தச் சேவல் மட்டும் வேணாம்மா.
லஞ்சம் குடுத்தவன்னு பேரு வேணாம். வேற எதாச்சும் சொல்லு."

போன வாரம் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு பகை கிளம்பியது.
பக்கத்துக் கூடாரத்து மங்கோலியன்
துணி காயப்போடும் கயிற்றைத் தினம் ஒரு முழம் நகர்த்துகிறானாம்.
சோப்பும் அவன்தான் எடுத்திருப்பானாம்.
"விடாதீங்க" என்றேன்.
எனக்கும் சூடேறிவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

படுத்தபிறகுதான் தோன்றியது.
என் குரலும் மெலிந்துபோயிருந்ததோ?
அங்கேயும் ஏதோ ஒரு வியாழக்கிழமை
குழாய் புதைத்தாகிவிட்டதோ?

இன்னும் ஐந்து மாதம்.
நாளைக்கு ஒன்பதரைக்கு
முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்,
கயிறு என்ன ஆச்சு என்று.